பம்பு லாரிக்கு வெத்தலைப் பழக்கம் இல்லை

வாப்பா இன்சினியரு! தூணுக்கு அடிக்கிற காலம் பாக்ஸு 1 அடி அகலந்தானே, நாலு சவுக்கு முட்டு போதும்னியாமே? மேஸ்திரி வந்து சொல்லிச் சிரிச்சான். மரியாதைக்கு நானும் கொஞ்சம் சிரிச்சு வச்சேன்.

மதகுப் பலகை, ஆறு எம்புட்டு நீளம்னா கேக்குது? எம்புட்டு ஆழம் நிக்குதுன்னுதான் கேக்கும். ஈரக் கான்கிரீட்டுக்கும் அதே குணந்தான், தண்ணியைவிட 2.4 மடங்கு கனம். தூணு ஒல்லியா இருந்தா கருணை காட்டாது. 3 மீட்டரை ஒரே மூச்சுல கொட்டினா அடியில சதுர மீட்டருக்கு 7,200 கிலோ நெட்டும். கடைசி 1 அடிப் பலகைக்கு மட்டும் 600 கிலோவுக்கு மேல.

எங்க காலத்துல பாக்ஸு பிதுங்காததுக்குக் காரணம் புத்தி இல்லப்பா, சோம்பேறித்தனம். சித்தாளுங்க சட்டி சட்டியா கை மாத்துவாங்க. நடுவுல டீ, வெத்தலை, ஊர்ப் பேச்சு. மேல ஏர்றதுக்குள்ள கீழ இறுகித் தன்னைத் தானே தாங்கிக்கும், பலகையை நெட்டாது. மேட்டூர்த் தண்ணி நம்ம கடைமடைக்கு வர்ற வேகத்துல நீயும் கொட்டினா, முட்டே வேணாம்! ஆனா நாகப்பட்டினத்துலேர்ந்து நீ கூப்புட்டிருக்கிற பம்பு லாரிக்கு வெத்தலைப் பழக்கம் இல்லையே.

அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் சூத்திரத்தை நீ பரீட்சைக்கு உருப்போட்டப்ப திண்ணையில கேட்டவன் நான். நீ மறந்துட்டே, எனக்கு மறக்கலை. மணிக்கு 2 மீட்டர் ஏத்தி, கான்கிரீட்டு 32 டிகிரி சூட்டுல இருந்தா சதுர மீட்டருக்குச் சுமாரா 4 டன். மார்கழியில 24 டிகிரின்னா 4.5 டன்னைத் தாண்டும். குளிர்ல இறுகச் சுணங்கும்ல! சித்திரை வெயிலைக் கொத்தனாரு வைவான், பலகை வாழ்த்தும். இறுகுறதைத் தள்ளிப்போடுற மருந்து கலந்தியோ, இன்னும் கூட்டிப் போட்டுக்க.

வைப்ரேட்டரை அடி வரைக்கும் விட்டுக் குடையாதே. தூங்குறதை எழுப்பி விட்ட கதையாயிடும். மேல் 1.2 மீட்டருக்குள்ள வச்சுக்க, உன் சூத்திரமும் அந்த நிபந்தனைக்குத்தான் கட்டுப்படும்.

கிளாம்பைக் கீழ நெருக்கமா போடு, மேல போகப்போக இடைவெளி விடலாம். கான்கிரீட்டு கொட்டுறப்ப மேல நின்னு செல்போன்ல படம் புடிக்காம, கீழ குனிஞ்சு அடிச் சந்துல சிமெண்டுப் பால் கசியுதான்னு பாரு. பேன்ட்டு அழுக்காவும்னு பயமா? என் வேட்டி ஒண்ணு கொடியில காயுது, கட்டிக்கிட்டுப் போ.