மேலூர்ப் பக்கமே விழித்த பக்கம்தான்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், ‘வோக்’ என்றால் விழித்துக்கொண்டவர் என்கிறான். மாப்பிள்ளையோ அது வசவு என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், திருவாதவூர்)

பதில்: எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! தூங்கும் பெண்ணை எழுப்பத் திருவெம்பாவை, சிவனையே எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி என்று இரண்டும் பாடிய மாணிக்கவாசகர் உங்கள் ஊர்க்காரர் அல்லவா?

பேரன் சொல்வது பழைய பொருள். அலபாமா பக்கம் போகிற கறுப்பின மக்களைக் கண் விழித்திருக்கச் சொல்லி எச்சரித்தார் பாடகர் லெட் பெல்லி, 1938-லேயே. மாப்பிள்ளை சொல்வது புதுப் பொருள். 2022-ல் புளோரிடா ‘வோக்கை நிறுத்து’ என்று பெயர் சூட்டியே ஒரு சட்டம் போட்டது. அதில் சில பகுதிகளை நீதிமன்றம் நிறுத்திவிட்டது, அது வேறு கதை.

நம் ‘பகுத்தறிவு’ படாத பாடா? மேடையில் பட்டம், டீக்கடையில் திட்டு.

1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனாரே, அப்போதும் இதே சண்டைதான். உள்ளே போனவர்களில் உங்கள் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கனும் ஒருவர். விழிப்பு என்றது ஒரு தரப்பு. அம்மனே கோயிலைவிட்டுப் போய்விட்டாள் என்று இன்னொரு தரப்பு ஒரு வீட்டில் தனியாகப் பூஜை நடத்தியது. மீனாட்சி இருந்த இடத்தில்தான் இருந்தாள்.

என் ஓட்டு பேரனுக்கே. ஆனால் விழித்துக்கொண்ட பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள்.