ஈரச் சுவரும் இரட்டைச் செலவும்

கேள்வி: காரைக்குடியில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. அடிச்சுவரில் ஈரம் கோத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார் கொத்தனார். நம்பலாமா?

பதில்: கவலை இல்லாதது அவருக்கு. சுண்ணாம்புக் காரை, சுவரில் ஏறும் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் உயர ஏறி, உப்பாய்ப் பூக்கும்; ஒருநாள் சிமென்ட் பூச்சு பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிறகு கொத்தி எடுக்க ஒரு கூலி, மறுபடி பூச இன்னொரு கூலி.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கலாம், குளியலறைக் குழாய் கசியலாம், ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் உங்கள் வீடு பள்ளத்துக்குப் போயிருக்கலாம். (வீட்டைத் தாழ்த்தாமல் ரோடு போடும் வித்தை நம் ஊரில் அபூர்வம்.) அதைச் சரிசெய்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும்.

வயரிங் மாற்றுவதென்றால் பூச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுச் சுவரை வெட்ட எலக்ட்ரீஷியன் சுத்தியலோடு வருவார்.

பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். முக்கால்வாசி கைமாறிய மறுநாளே கொத்தனார் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் வந்துவிடும்.