ரோமாபுரியில் ஒரு ரிட்டயர்டு எச்.எம்.

வாலிகண்டபுரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், சித்திரை வெயிலில், மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ஒருவர் நின்றபடியே டீ குடித்தால் அவர் ஐரோப்பா போய்வந்தவர் என்று தைரியமாக முடிவு கட்டலாம். பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். உட்கார மாட்டார். "இத்தாலிக்காரன் காப்பியை நின்னுக்கிட்டேதான் குடிப்பான். உக்காந்தா ரேட்டு வேற" என்பார். இங்கே நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே ரேட்டுதான் என்று டீ மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இந்த வகையினர் பெருகிவருகிறார்கள். தலைமை ஆசிரியராக, தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்காக, கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைந்த காட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளையை இன்ஜினியரிங் படிக்கவைத்தவர்கள். பிள்ளை ஜெர்மனிக்குப் போய், நாலைந்து வருஷம் குளிரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு, "அப்பா, ஒரு மூணு மாசம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவான். உடனே கிளம்ப மாட்டார்கள். "ஆடு மாட்டை யாரு பாக்கறது?" என்பார்கள். மாட்டை விற்றுப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

இவர்களில் தலைசிறந்த மாதிரியாக நான் கருதுவது எச்.எம். சாரை. விசா விண்ணப்பத்தோடு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு வேண்டும் என்பது ஷெங்கன் நாடுகளின் சட்டம். மகன் போனில் இதைச் சொன்ன நாளிலிருந்து சாரின் நடையே மாறிவிட்டது. யூரோவை நூறால் பெருக்கினால் முப்பது லட்சம். "முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்த கவர்மென்டுகூட என்னை இவ்ளோ மதிக்கலப்பா" என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னார். காலோ கையோ போனால்தான் அந்தப் பணத்துக்கு வேலை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மகன் மூன்று நாள் லீவு போட்டு அப்பா அம்மா இருவரையும் ரோமுக்கு அழைத்துப்போனான். "ரோமை நடந்துதான்ப்பா பாக்கணும்" என்று அவன் சொன்னபோது சார் கம்பீரமாகத் தலையாட்டினார். ரேஷன் கடை இவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கு டி.வி.எஸ். ஃபிப்டியில்தான் போவார். போகிற வழியில் எதிர்ப்படும் யாரிடமாவது, "இந்தக் காலத்துப் பசங்க நடக்கவே மாட்டேங்கறானுங்க" என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவார்.

ரோம் பழைய நகரத்தின் தெருக்களில் கைப்பிடி அளவு கரிய எரிமலைக் கல்லை வரிசையாகப் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு. நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தனித்தனியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அரைமணி நேரத்தில் சார், "ஏம்ப்பா, ஏழை நாடா இது? தார் ரோடு போடக் காசு இல்லையா?" என்று கேட்டார். மகன் பாரம்பரியம் என்றான். "பி.டபிள்யூ.டி.காரன் எந்த ஊர்லயும் இதைத்தான் சொல்வான்" என்றார் சார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வருஷம் தவறாமல் சமயபுரத்துக்கு மஞ்சள் புடவை கட்டி வெறுங்காலோடு பாதயாத்திரை போகிறவர். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், நெடுஞ்சாலைத் தாரில், மாரியாத்தா பேரைச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். மகன் வாங்கிக் கொடுத்த ஷூவை முதல் சந்திலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் செருப்போடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அப்பாவும் பிள்ளையும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்வரை, அங்கே விற்கிற துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமில் ஜேப்படி அதிகம் என்று மகன் ஏர்போர்ட்டிலேயே எச்சரித்திருந்தான். அம்மாவின் பணம் சுருக்குப்பையில், சுருக்குப்பை இடுப்பில், இடுப்பு புடவைக்குள். ரோமானியத் திருடன் பரம்பரை பரம்பரையாகப் பயிற்சி எடுத்தாலும் தொட முடியாது. சார் இன்னும் ஒரு படி மேலே போய், பாஸ்போர்ட்டைப் பட்டாப்பட்டி டிராயரின் உள்பையில் வைத்து, ஊக்குப் போட்டு, மேலே பேன்ட் மாட்டி, பெல்ட்டும் கட்டியிருந்தார். கொலோசியத்துக்கு இப்போதெல்லாம் பார்வையாளர் பெயர் போட்ட டிக்கெட்தான். வாசலில் பெயர் சரிபார்க்க அடையாள அட்டை கேட்கிறார்கள். பின்னால் ஐந்நூறு பேர் நிற்கும் வரிசையில், இத்தாலியக் காவலர் கையை நீட்டிக் காத்திருக்க, சார் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கிய அந்தக் கட்டத்தை மகன் இன்றுவரை விவரிக்க மறுக்கிறான். பாஸ்போர்ட் வந்தது. காவலர் அதைத் தொடாமலே, படிக்காமலே உள்ளே போகச் சொல்லிவிட்டார்.

சாரின் பார்வை எதையும் அப்படியே ஏற்காது. பக்கத்தில் நம் ஊர்ப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் திருப்தி. கையேடு வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களைவிட இவர் அதிகம் பார்க்கிறார் என்பது என் கட்சி. கையேட்டுக்காரர், கி.பி. 80-இல் டைட்டஸ் பேரரசன் திறந்துவைத்தது, ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். சார் சுவரைத் தட்டிப் பார்ப்பார். நகத்தால் சுரண்டுவார். "இது சுண்ணாம்புக் கல்லுடா" என்றார். உண்மைதான்; டிராவர்டைன் என்ற அந்தக் கல் சுண்ணாம்புக் கல் வகை. "இது மட்டும் அரியலூர்ல இருந்திருந்தா, இந்நேரம் அரைச்சு மூட்டை கட்டி லாரில ஏத்தியிருப்பான்" என்றார். பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டி ஒருவரின் கூட்டத்தில் காசு கொடுக்காமல் ஒரு காதை வைத்திருந்த மகன், "அப்பா, இவங்களும் அதைத்தான் செஞ்சிருக்காங்க. இடைக்காலத்துல இங்கேருந்து கல்லு எடுத்துப் போய் மாளிகை கட்டியிருக்காங்க, பளிங்கையெல்லாம் சூளையில போட்டுச் சுண்ணாம்பு ஆக்கியிருக்காங்க" என்றான். சாரின் முகத்தில் அன்று முதல்முறையாக இத்தாலியர்மீது ஒரு பங்காளிப் பாசம் தெரிந்தது.

பாந்தியனில் மழை பிடித்துக்கொண்டது. ஹாட்ரியன் பேரரசன் காலத்துக் கட்டடம். கம்பி வைக்காத கான்கிரீட்டில் போட்ட குவிமாடங்களில் இன்றுவரை உலகத்திலேயே பெரியது. விட்டம் 43 மீட்டர். உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியாக மழை நேரே தரையில் விழும், தரையில் இருக்கும் சிறு ஓட்டைகள் வழியாக வடிந்துபோகும். எல்லாரும் அண்ணாந்து பார்த்து வாய்பிளந்து நின்றார்கள். சாரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நான் முதன்முதல்ல வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு இப்படித்தான் இருக்கும். நாங்க டிக்கெட் போடல" என்றார். 2023 ஜூலையில் பாந்தியனுக்கு ஐந்து யூரோ டிக்கெட் போடத் தொடங்கியிருந்தார்கள். மூன்று பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று டைரியில் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வங்கதேசத்துப் பையன் ஒருவன் குடையோடு எதிரே நின்றான். ரோமில் வெயில் அடித்தால் தொப்பியோடும் மழை பெய்தால் குடையோடும் முளைக்கும் இந்தப் பையன்கள்தான் அந்த நகரத்தின் நம்பகமான வானிலை ஆய்வு மையம். பத்து யூரோ என்றான். சார் இங்கிலீஷில் பேரம் தொடங்கி, பையனின் ஊர், அப்பா தொழில், தங்கச்சி கல்யாணம் எல்லாம் விசாரித்து நாலு யூரோவுக்கு முடித்தார். பிறகு மனசு கேட்காமல் இன்னொரு யூரோ கொடுத்தார். மகனிடம் நாலு என்றுதான் சொன்னார்.

திரெவி நீரூற்றில் ஈ நுழைய இடமில்லை. முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலே காசு எறிந்தால் மறுபடி ரோமுக்கு வரலாம் என்று ஐதீகம். வருஷத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேர்கிறது, அள்ளி எடுத்துத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றான் மகன். சார் உடனே, "உண்டியல் எண்றப்ப யாரு இருப்பா? இ.ஓ. கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார். பதில் கிடைக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி நம் ஊர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வீசினார். மகன் நெளிந்தான். "ஏன்டா, ரோமானியக் காசு கரூர் ஆத்துல கெடைக்கல? ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு எவனாச்சும் இதைத் தோண்டி எடுத்து, தமிழ்நாட்டுக்கும் ரோமுக்கும் வியாபாரம் இருந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணட்டும்" என்றார். என்னைக் கேட்டால், அந்த மூன்று நாளில் ரோமாபுரி முழுவதிலும் வரலாற்றுணர்வோடு போடப்பட்ட காசு அது ஒன்றுதான்.

ஸ்பானியப் படிக்கட்டில்தான் சார் உடைந்தார். நூற்று முப்பத்தைந்து படி. பாதியில் முழங்கால் மறுத்துவிட்டது. உட்கார்ந்தார். விசில் ஊதியது. 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரத் தடை. மீறினால் அபராதம் நானூறு யூரோ வரை போகலாம். சார் திரும்பிப் பார்த்தார். பிரேயர் மைதானத்தில் முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதிய மனிதர். ஒருத்தர் தன்னைப் பார்த்து ஊதக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. வேறு எவனோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்து அந்தப் பக்கம் தேடினார். மறுபடி விசில். போலீஸ்காரப் பெண் விரலால் எழுந்திருக்கச் சொன்னார். எழுந்து நின்ற சார், பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார்.

அம்மா அதற்குள் மேலே ஏறி, இறங்கி, வழியில் ஒரு குழாயில் இரண்டு பாட்டிலும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ரோம் தெருக்களில் மூக்கு மாதிரி வளைந்த இரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கின்றன. நல்ல குடிதண்ணீர் சில்லென்று இராப்பகலாக ஓடும். முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீறிடும், குனியாமலே குடிக்கலாம். இந்த நுட்பத்தை அம்மா பத்து நிமிஷத்தில் கற்று, பாஷை தெரியாமலே நாலு கொரியப் பெண்களுக்குக் கற்பித்தும்விட்டார். தண்ணீர் இலவசம். ஆனால் பொதுக் கழிப்பறைக்கு ஒரு யூரோ. சார் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த நகராட்சியின் வருமான வழியை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். மாலைவரை தண்ணீர் குடிக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இந்த வகையினருக்கு ஒரு மாற்றம் நிகழும். ரோமில் இருந்தவரை எல்லாவற்றிலும் வாலிகண்டபுரத்தைப் பார்த்தவர், வாலிகண்டபுரத்தில் ரோமைப் பார்க்கத் தொடங்குவார். வாலீஸ்வரர் கோயிலைத் தாண்டித்தான் அறுபது வருஷமாகப் போய்வருகிறார். பிரதோஷத்துக்குப் போவார், சுண்டல் வாங்குவார், வருவார். சோழர் காலத்துச் சுவரில் கல்வெட்டு இருப்பதை இப்போதுதான் நின்று பார்க்கிறார். நகத்தால் சுரண்டப்போய் குருக்களிடம் திட்டு வாங்கினார்.

மகனோடு வேலை பார்க்கும் ஜெர்மன் தம்பதி பங்குனியில் வந்தபோது சாரின் கொடி பறந்தது. கொடி என்பது அந்த நாலு யூரோக் குடை. மடித்தபடி தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், ரோம் வழிகாட்டிகள் பாணியில். பின்னால் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள்.

"1673-இல பாண்டிச்சேரியில குடியேற பிரெஞ்சுக்காரனுக்கு இடம் குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு பீஜப்பூர் சுல்தானுக்காக ஆட்சி பண்ண ஷேர் கான் லோடி" என்றார். தம்பதி வியந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைவிட அதிகமாக வியந்தார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்மேல் ஏறி நின்றபோது 1751-க்கு வந்தார். நவாப் பட்டத்துக்கான போட்டியில் முகமது அலிக்காக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பக்கத்தில் மோதினார்கள். ஆங்கிலேயப் படைவீரர்கள் பீதியடைந்து பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "ஐரோப்பாக்காரன் கூட்டமா வந்து, கால்நடையா எங்க ஊரைப் பாத்தது அப்பத்தான். எதையும் சரியாப் பாக்கல" என்று முடித்தார் சார். ஜெர்மானியர் அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று கேட்டார். சார் வானத்தைப் பார்த்தார், சூரியனைக் குடையால் சுட்டினார். ஜெர்மானியரின் மூக்கு தக்காளியாகியிருந்ததால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

கோட்டையிலிருந்து நெடுஞ்சாலைக்கு வந்தால், சமயபுரம் பாதயாத்திரைக் கூட்டம். மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாகச் சாலையோரம் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பந்தல் போட்டிருந்த ஒரு பையன் தம்பதியின் கையில் ஆளுக்கொரு டம்ளர் நீர்மோரைத் திணித்தான். ஜெர்மானியர் பர்ஸை எடுத்தார். பையன் அதைப் பார்க்கவே இல்லை, அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். இரண்டாவது டம்ளரும் குடித்துவிட்டு, இவர்கள் எல்லாரும் எதைப் பார்க்க நடக்கிறார்கள், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திறக்கும், முன்பதிவு வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு மனைவியோடு ஏதோ பேசினார். இருவரும் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார்கள்.

சார் குடையை மெல்லக் கீழே இறக்கினார். "ஃபிஃப்டி கிலோமீட்டர்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "அவங்களை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க பஸ்ல வந்துருங்க" என்றார்.