ஜமீன்தாரின் தழும்பு

பூர்வீகம் தேடும் தென்னாப்பிரிக்க டர்பன் தமிழர் எவரைக் கேட்டாலும் கொள்ளுத்தாத்தா ஜமீன்தார்தான். குதிரை வண்டியும் உண்டு. அந்தப் பெருமை நீடிக்க வேண்டுமானால் டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் காலனியின் கப்பல் பட்டியலைப் புரட்டக் கூடாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆளுக்கொரு எண். தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா எல்லாம் உண்டு. 'இடது முழங்காலில் தழும்பு' என்கிற ரீதியில் அங்க அடையாளத்தைக்கூட விடாத குமாஸ்தா, ஊர்ப் பெயரை மட்டும் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கிவைத்தார். அந்த ஊர் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. ஜமீனும் இல்லை. தழும்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது. கொள்ளுப்பேரன் எதற்கும் இருக்கட்டுமென்று தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.