பொதுச் சுவர், பொதுப் பூனை

கரமனை அக்ரஹாரத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். பூனையும் அப்படிப் பொதுச்சொத்து. எங்காத்தில் அதற்குப் பெயர் சுந்தரி, எதிராத்தில் குட்டன், கோடிவீட்டு மாமாவுக்கு வெறும் 'ஏய்'. பால் வார்க்க மூன்று வீடு உண்டு. உடம்பில் தெள்ளுப்பூச்சி ஓடுவது தெரிந்த அன்றைக்கு மட்டும் அது ஏகமனதாக எங்கள் பூனை ஆகிவிட்டது.

சொத்தைக் கைவிட்டாலும் வைத்தியத்தைக் கைவிடவில்லை. "ஒரு கரண்டி மண்ணெண்ணெய் தடவுடி, ஒரு தெள்ளு நிக்காது" என்றாள் எதிராத்து மாமி. வாஸ்தவம்தான், பூனையும் நிக்காது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கிற ஜன்மம். மேலே தடவுவதெல்லாம் வயிற்றுக்குப் போகும். மண்ணெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எல்லாமே அதற்கு விஷம். கோடிவீட்டு மாமாவோ சிக்கனக்காரர். "எங்காத்து நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து பாதி இருக்கு, வீணாப் போவானேன்?" என்று கொண்டுவந்து நீட்டினார். வீணாகப் போயிருக்கக்கூடியது பூனை. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைச் சமாளிக்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது. நடுக்கம், வலிப்பு, சில சமயம் உயிரே போய்விடும்.

மிருகாஸ்பத்திரி டாக்டர் பூனையை நிறுத்துப் பார்த்து, எடைக்கேற்ற சின்ன டியூப் எழுதிக்கொடுத்தார். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடவேண்டும். மாதம் ஒரு தடவை. மச்சில் அது போட்டிருந்த குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகவில்லை என்பதால் இந்த மருந்து கூடாதென்றார். அவற்றுக்குப் பேன் சீப்பும் சோப்புத் தண்ணியும்தான்.

சீப்பை வைத்து வாரினால் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக உதிரும். ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போட்டால் செம்பழுப்பாகக் கசியும். அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்கு இந்த நஷ்டம் தாங்காது, சோகை பிடித்து ஈறு வெளுத்துவிடும். 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், பிளேக்கை எலியிடமிருந்து எலிக்குக் கொண்டுபோவது தெள்ளுதான் என்று காட்டினார். சோதனைக்குத் தெள்ளு போதாமல் ஒரு பூனையிடம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாராம். சுந்தரியிடம் கேட்டிருந்தால் படி கணக்கில் தானம் கிடைத்திருக்கும்.

பூனை மேல் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் இருக்கிறது. ஒரு பெட்டை நாளைக்கு 40, 50 முட்டை இடும். அவை கயிற்றுப் பாயிலும் ஊஞ்சல் மெத்தையிலும் தரை விரிசலிலும் உதிரும். கரமனையின் புழுக்கம் அவற்றுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி; இங்கே குளிர்காலம் என்று ஒன்று வந்து காப்பாற்றப்போவதும் இல்லை. கூட்டுக்குள் இருக்கிற தெள்ளு மாசக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே குதிக்கும்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில். பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டின் ஜன்னலுக்கும் சுந்தரி உரிமைக்காரி. லீவுக்கு வந்த பேரன் கதவைத் திறந்து, அரை டிராயரோடு கூடத்தில் நின்றான். அடுத்த நிமிஷம் கணுக்காலைச் சொறிந்துகொண்டு தெருவில் நின்றான். பாட்டி திருஷ்டி என்று உப்பு சுற்றிப்போட்டாள். நாங்கள் மெத்தையைக் கொதிதண்ணியில் நனைத்து வெயிலில் போட்டு, மூலை முடுக்கெல்லாம் பெருக்கினோம்.

மருந்து போடும் தேதியில்தான் சச்சரவு. மாசப் பிறப்பு என்று முடிவு பண்ணினோம். மாமா தமிழ்ப் பஞ்சாங்கம், மாமி மலையாளக் கலண்டர். சில மாசம் இரண்டும் ஒரு நாள் முன்னே பின்னே பிறக்கும். அடுத்தடுத்த நாளில் இரண்டு டியூப் விழுந்தால் மருந்தே விஷம். அதனால் போட்ட டியூபின் மேல் தேதி எழுதி, எங்காத்து ஊஞ்சல் சங்கிலியில் ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறோம். மாமி உள்ளே வந்ததும் முதலில் அதை எடுத்துப் பார்ப்பாள், அப்புறம்தான் காப்பி கேட்பாள்.