காய்தலும் காய்தல் நிமித்தமும்

குறிஞ்சிக்கும் பாலைக்கும் முதல், கரு, உரி என்று பிரித்து வைத்த நம் முன்னோர் அடுப்படியை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து வாட்டர் கலர் அடிக்கும் நோட்டுக்கு இலக்கணம் எழுத வேண்டிய பொறுப்பு அதனால் என் தலையில் விழுந்தது. ஆய்வுக்களம் கம்பம். கருவிகள், பன்னிரண்டு வில்லை கொண்ட கேமல் டப்பா ஒன்று, முடி கொட்டத் தொடங்கிய ஆறாம் நம்பர் பிரஷ் ஒன்று. ஆய்வுக்கு உட்பட்டோர் அம்மா, அப்பா, ஒரு பூனை. எவரிடமும் முன் அனுமதி பெறப்படவில்லை.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் மூன்று: அடுப்படி, முன்வாசல், மொட்டைமாடி. பொழுது ஒன்றே. வெளிச்சம் வந்த பிறகு, ‘சும்மாதான உக்காந்திருக்க, கடைக்குப் போயிட்டு வா’ என்ற குரல் வருவதற்கு முன்பு. எங்கள் வீட்டில் இது முக்கால் மணி நேரம்.

நிலம், பொழுதோடு நீரையும் முதற்பொருளில் சேர்க்கலாமா என்று கேட்பார்க்கு, எங்கள் ஊரில் சேர்த்தே ஆக வேண்டும் என்பதே விடை. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாற்றைப் பொறியாளர் பென்னிகுவிக் அணை கட்டி மறித்தார். மலையைக் குடைந்து, 1895-இல் அதைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும் பாய்கிறது, என் எவர்சில்வர் டம்ளருக்கும் வருகிறது. ஓர் ஆற்றையே திசைமாற்றிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரைப் பென்சில் கோட்டுக்குள் நிறுத்த என்னால் முடியவில்லை என்பதை ஆய்வு நேர்மை கருதி இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

கோடு தாண்டி வண்ணம் ஓடுவதற்கு ஓவியர்கள் ‘லூஸ் ஸ்டைல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை வீட்டில் சொல்லலாகாது. நான் சொன்னேன். “அது தெரிஞ்சதுதான” என்று அப்பா பேப்பரைத் திருப்பினார்.

ஆனால் வீட்டை வரைகிறவனுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்பதுதான் என் துணிபு. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை வரைந்தார். நகையில் மணி ஒன்று விடாமல் வந்ததற்கு அவர் கை ஒரு காரணம். பால் பொங்குகிறதா என்று பார்க்கச் சிலை பாதியில் எழுந்து போகாதது இன்னொரு காரணம். 2021-இல் கொரோனாவுக்கு நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜாவின் படங்களில் பெண்கள் வாசற்படியில் வெளிச்சம் விழ நிற்பார்கள். துணியின் மடிப்பை எண்ணிவிடலாம். அதே நோக்கில் அம்மாவை அடுப்படி ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தேன். “என்னய நிக்கச் சொல்லிட்டு நீ பாட்டுக்குக் கிறுக்கிக்கிட்டு இரு. வெங்காயம் யாரு உரிப்பா?” அந்தப் பக்கத்தில் அம்மா ஒரு பச்சைக் கறை. கறைக்கு இடப்புறம் ஒரு கை மட்டும் தெளிவாக இருக்கிறது. மிரட்டிய கை அது, சற்றுநேரம் அசையாமல் நின்றது.

இனிக் கருப்பொருள். இதில் இட்லி தனியாக ஆராயத்தக்கது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று வண்ணம் தொடுவது மரபில்லை. தாளின் வெள்ளைதான் வெள்ளை. அதாவது இட்லியைச் சுற்றித் தட்டை வரைய வேண்டும், சட்னியை வரைய வேண்டும், இட்லியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இட்லியை விட்டுவைத்த வரலாறு இல்லாததால் இப்பகுதி முற்றுப்பெறவில்லை.

அடுத்தது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ச் சரக்கு. தினசரிப் பேப்பரில் கொத்தாகக் கொட்டி வைத்தால், கருநீலத்தின் மேல் திருநீறு பூசிய மாதிரி ஒரு மெல்லிய சாம்பல் படிந்திருக்கும். விரல் பட்ட இடம் மட்டும் பளபளக்கும். இந்தச் சாம்பலைப் பிடிக்கத்தான் ஒரு மாதம் முயன்றேன். முதல் பழத்தின் ஈரம் காயுமுன் இரண்டாவதைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். பொறுமையில்லாதவன் பதினைந்து பழத்தையும் அப்படியே தொட்டால் கொத்து முழுக்க ஒரே பழமாகிவிடும். பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டு, “கத்தரிக்கா அச்சா இருக்கு தம்பி” என்று மனதாரப் பாராட்டினார். திருத்த மனம் வரவில்லை.

அப்பா அந்தப் பக்கத்தின் மேல் காபி டம்ளரை வைத்ததும் ஒரு வளையம் விழுந்தது. நோட்டிலேயே சுத்தமான வட்டம் அதுதான். காபிக்கறை ஓரத்தில் மட்டும் ஏன் கறுக்கிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1997-இல் நேச்சர் இதழில் விளக்கியிருக்கிறார்கள். சொட்டின் ஓரம் வேகமாகக் காய்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது தூளையும் இழுத்துப் போய் அங்கே சேர்க்கிறது. என் கத்தரிக்காயின் விளிம்பு கறுத்திருப்பதும் இதே விதியால்தான். ஆக, ஓவியமும் கறையும் ஒரே இயற்பியல். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை, உரிமை கோருவார்.

உரிப்பொருள், தலைப்பில் சொன்னபடி, காய்தலும் காய்தல் நிமித்தமும். காத்திருப்பதுதான் இக்கலையின் பெரும்பகுதி. அதை அளக்கும் அலகு குக்கர் விசில். ஆடியில் தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் குமுளி வழியாக வெறுங்கையோடு இறங்கும். ஒரு விசிலுக்குள் தாள் காய்ந்துவிடும், சமயத்தில் தாளே போய்விடும். ஆடியில் மட்டும் மொட்டைமாடி விலக்கப்படுவது அதனால்தான். ஐப்பசி அடைமழையில் பருப்பு வெந்து, தாளித்து, சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் வானம் ஈரமாகவே இருக்கும். வரைந்த வானத்தைச் சொல்கிறேன். காய்தல் என்பதற்குச் சினத்தல் என்றும் பொருளுண்டு. ஈர நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தால் இரண்டாம் பொருள் முந்திக்கொள்ளும்.

சென்ற மாதம் நோட்டைத் திறந்தபோது திராட்சைப் பக்கத்தின் ஓரத்தில் நீல பால்பாயிண்டில் ஒரு தேதி இருந்தது. அம்மாவின் கையெழுத்து. கேட்டதற்கு, கைக்கு அகப்பட்ட தாள் அதுதான் என்றார். நேற்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

“சிலிண்டர் மாத்தி எத்தன நாளாச்சுன்னு அந்தக் கத்தரிக்காப் பக்கத்துல பாருடா.”