பெட்டி கட்டுமுன் ஒரு வார்த்தை

(இந்த வாரம்: குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்களின் கேள்விகள்)

குடும்பத் தலைவர், திருநெல்வேலி
கே: மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா போவதாக முடிவு. முதலில் எதை வாங்குவது?

ப: ஒன்றும் வாங்காதீர்கள். பீரோவைத் திறந்து எல்லார் பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பிக் கடைசித் தேதியைப் பாருங்கள். வீட்டில் ஒருவருடையது மட்டும் காலாவதி ஆகியிருக்கும். அநேகமாக அது கடைக்குட்டியுடையது. காரணம் அடுத்த பதிலில்.

ஐயம் தீராதவர், ஈரோடு
கே: பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும்தானே?

ப: உங்களுக்கு. பதினெட்டு நிறையாதவருக்கு 5 வருடம் அல்லது 18 வயது வரை, எது முந்துகிறதோ அது. 15 தாண்டியவர் மட்டும் விரும்பினால் 10 வருடத்துக்குக் கேட்கலாம். பிள்ளைகளின் முகம் மாறிக்கொண்டே இருக்கும் என்று அரசுக்குத் தெரியும். நம் முகம் பத்து வருடம் அப்படியே இருக்கும் என்றும் நம்புகிறது. அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு.

கணக்கில் புலி, காரைக்குடி
கே: என் பாஸ்போர்ட் ஆகஸ்ட் வரை செல்லும். மே மாதம் போய் ஒரே வாரத்தில் திரும்பிவிடுவேன். போதாதா?

ப: கணக்குச் சரி, விடை தப்பு. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாமே குறைந்தது ஆறு மாதம் மிச்சம் கேட்கும். சிங்கப்பூர் அதிகாரி உங்களைத் தடுக்க மாட்டார். அவர் முகத்தையே நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆவணம் சரியில்லாத பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு விமானக் கம்பெனியின் தலையில் விழும். ஆகவே உங்கள் பயணம் மீனம்பாக்கம் கவுன்ட்டரிலேயே இனிதே நிறைவுறும்.

புதுத் தாய், தஞ்சாவூர்
கே: கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட்டா?

ப: ஆமாம், பிறந்து பத்து நாள் ஆனாலும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனுபந்தம் ‘டி’, பிறப்புச் சான்றிதழ், நாலு வயதுக்குள் என்றால் வெள்ளைப் பின்னணியில் ஒரு படமும் கொண்டுபோங்கள். கட்டணம் 900 ரூபாய். பெரியவருக்கு 36 பக்கப் புத்தகம் 1,500. தட்கலுக்கு மேலும் 2,000. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘பெண் குழந்தை’ என்ற பெயரில் பாஸ்போர்ட் தரமாட்டார்கள்.

இனிஷியல்காரர், சிவகாசி
கே: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். பிரச்சினை வருமா?

ப: ஊரைப் பொறுத்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் தப்பிக்கலாம். அமெரிக்க விசாவிலோ ‘எஃப்.என்.யூ.’ என்று போடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். சாதிப் பெயரை உதறியது நமக்குப் பெருமைதான். அந்தக் காலி இடத்தில் அப்பா பெயரைப் போடுங்கள். கட்டணம் கட்டியவர் அவராகவும் இருக்கக்கூடும்.

அவசரக்காரர், அம்பாசமுத்திரம்
கே: டிக்கெட்டில் மனைவி பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. கண்டுகொள்வார்களா?

ப: விமானக் கம்பெனி உடனே கண்டுகொள்ளும். மனைவி அதற்கு முன்பே கண்டுகொண்டிருப்பார். இன்றைக்கே போன் போட்டுத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே டிக்கெட்டிலும். இடைவெளிகூட உங்கள் இஷ்டத்துக்கு இல்லை.

முதல் பயணி, முசிறி
கே: சிங்கப்பூர் விசாவுக்கு நானே நேரில் போய் நிற்கலாமா?

ப: நிற்கலாம், நடக்காது. அங்கீகாரம் பெற்ற விசா ஏஜெண்டு வழியாகத்தான் போக வேண்டும். படிவம் 14ஏ, 35-க்கு 45 மில்லிமீட்டர் படம், வெள்ளைப் பின்னணி. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுத்தாலும் திரும்ப வராது. ஏஜெண்டு கூலி தனி. படத்தில் சிரிக்கக் கூடாது என்பது விதி. மொத்த பில்லைப் பார்த்தபின் எடுத்தால் விதி தானாகவே நிறைவேறும்.

சந்தோஷ சாமி, சங்கரன்கோவில்
கே: மலேசியாவுக்கு விசாவே வேண்டாமாமே!

ப: 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய சலுகை அது. 30 நாள் வரை தங்கலாம். 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் விசா வேண்டாம் என்றால் கேள்வி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கைச்செலவுப் பணம் மூன்றையும் காட்டச் சொல்வார்கள். “மச்சான் பார்த்துக்கொள்வார்” என்பது ஆவணம் அல்ல.

கூகுள் நம்பி, கோவில்பட்டி
கே: வருகை அட்டைக்கு ஒரு இணையதளத்தில் தலைக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

ப: அவர்களுடைய குடும்பச் சுற்றுலாவுக்கு நன்கொடை தருவதானால் கட்டலாம். சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் வருகை அட்டை இலவசம். அரசுத் தளத்தில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்திலும் 2025 மே 1 முதல் இதே கதை. ஆளுக்கு ஒன்று. மடியில் தூங்கும் பிள்ளைக்கும் ஒன்று.

பாலம் தாண்டுபவர், பட்டுக்கோட்டை
கே: சிங்கப்பூரில் இறங்கி, பஸ்ஸில் ஜொகூர் போய், மறுபடி சிங்கப்பூர் வந்து விமானம் ஏறத் திட்டம். எப்படி?

ப: திட்டம் ஜோர். விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இரண்டாம் தடவையும் நிரப்ப வேண்டும். பாலம் என்னவோ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் இந்தக் கரையில் பெட்டியோடு இறங்கி முத்திரை, அந்தக் கரையில் பெட்டியோடு இறங்கி முத்திரை. பெட்டி வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள். பூப்போட்ட உறையை அப்புறம் ரசிக்கலாம்.

பக்தை, பழனி
கே: கோலாலம்பூர் பத்துமலை முருகனைப் பார்க்க என்ன தயாரிப்பு?

ப: முழங்கால். 272 படிகள். கீழே நிற்கும் சிலை 42.7 மீட்டர் உயரம், 2006-இல் திறந்தது. அதை அண்ணாந்து பார்க்கக் கழுத்தும் தேவை. அரைக்கால் சட்டையோடு ஏற விடமாட்டார்கள். இன்னொன்று: குரங்குகளுக்கு ஆறு மாத விதியெல்லாம் கிடையாது. கையில் பழத்தைக் கண்டால் உடனடி அனுமதி எடுத்துக்கொள்ளும்.

மருமகள், மன்னார்குடி
கே: மாமியார் நெய், எலுமிச்சை ஊறுகாய், கொப்பரை, கற்பூரம், கசகசா எல்லாம் கட்டித் தந்திருக்கிறார். எதை விடுவது?

ப: மாமியாரை விட்டுவிடாதீர்கள். நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டாம். கசியாமல் கட்டி, அந்த நாட்டு உணவு விதியையும் பார்த்து, பெரிய பெட்டியில் போடுங்கள். கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. அபாயப் பொருள்களின் ஐ.நா. பட்டியலில் எண் 1363. கற்பூரம் அதே பட்டியலில் 2717. இரண்டும் வீட்டோடு இருக்கட்டும். கசகசா துபாயில் போதைப் பொருள் கணக்கு. குருமாவை அங்கே முந்திரியில் வையுங்கள்.

செல்போன் செல்வர், சேலம்
கே: பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா?

ப: கூடாது, கைப்பையில் மட்டும். 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. கடைக்காரர் பாஷையில் சுமார் 27,000 எம்.ஏ.எச். அந்த எண் அதன் முதுகில் அழியாமல் இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய, எண்ணே இல்லாத அந்தப் பூதத்தை விமானத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். சார்ஜர் பற்றியும் ஒரு சொல்: சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சதுர மூன்று முனைச் சொருகி. அடாப்டர் இல்லாவிட்டால் பிள்ளைகள் உங்களோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தாராள மனசு, தேவகோட்டை
கே: பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூர் மகனுக்கு ஒரு பொட்டலம் தருகிறார். பருப்புப்பொடியாம். வாங்கலாமா?

ப: உங்கள் முன்னால் பிரித்து, நீங்களே கட்டினால் வாங்கலாம். ஒட்டிய பொட்டலம் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தண்டனை தூக்கு. எனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் பெட்டிக்காரருக்கு. பருப்புப்பொடி முஸ்தபா கடையிலேயே கிடைக்கும்.

புகைவண்டி, புதுக்கோட்டை
கே: சிங்கப்பூருக்குள் இரண்டு பாக்கெட் சிகரெட், கொஞ்சம் சூயிங்கம் கொண்டுபோகலாமா?

ப: சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு அறவே இல்லை, ஒரு பாக்கெட்டானாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. வேப் வைத்திருப்பதே குற்றம். மெல்லாமல், ஊதாமல் நாலு நாள் இருந்து பாருங்கள். டாக்டர் இதையே சொன்னபோது ஃபீஸும் வாங்கினார்.

மாத்திரை டப்பா, மாயவரம்
கே: அப்பாவின் மாத்திரைகளை ஞாயிறு, திங்கள் என்று டப்பாவில் பிரித்து எடுத்துப்போகலாமா?

ப: அட்டையோடு எடுத்துப்போங்கள், டாக்டர் சீட்டும் சேர்த்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் பரவாயில்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து என்றால் சிங்கப்பூர், துபாய்க்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இருமலே பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

தனியே போகும் அம்மா, தூத்துக்குடி
கே: கணவருக்கு லீவு இல்லை. நானும் மகனும் மட்டும் போகலாமா?

ப: தாராளமாக. கணவர் சம்மதக் கடிதம் ஒன்று எழுதி, நோட்டரி முத்திரை வாங்கித் தரட்டும். மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். கேட்பார்களா என்றால், இல்லாதபோது கட்டாயம் கேட்பார்கள். கணவர் கையெழுத்திடும் வேகத்தை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள்.

கரன்சி கனகவேல், கரூர்
கே: கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோகலாம்?

ப: வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை, மிச்சம் கார்டில். நம் ரூபாய் 25,000 வரை. அங்கீகரித்த மாற்றுநரிடம் மாற்றி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விமான நிலையத்தில் மாற்றினால் விகிதம் நம்மை மாற்றிவிடும்.

தங்க மனசு, கும்பகோணம்
கே: சிங்கப்பூரில் தங்கம் மலிவாம். 40 கிராம் வரை வரி இல்லையாமே?

ப: பெண்ணுக்கு 40, ஆணுக்கு 20 என்பது உண்மை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்கு! நாலு நாள் போய் நாற்பது செல்ஃபி எடுத்தவருக்கு இல்லை. இங்கிருந்து கனமாகப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது கல்யாண ஆல்பத்தைப் புரட்ட அவர்களுக்கு நேரமில்லை.

ஐரோப்பா ஆசை, ஆம்பூர்
கே: பாரிஸ், ரோம், சுவிஸ் மூன்றுக்கும் மூன்று விசாவா?

ப: ஒன்றே போதும். ஷெங்கன் விசா 29 நாட்டுக்குச் செல்லும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிள்ளைக்கு ஐந்து வயது முடிகிறதா? ஆறாவது பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு விண்ணப்பித்தால் கேக் விலை 45 யூரோ கூடும்.

சிங்க வேட்டை, சிங்கம்புணரி
கே: கென்யாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஊசி கட்டாயமா?

ப: மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்க. கென்யாவைவிடக் கறார் நம் நாடுதான்: சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமை முகாம். சிங்கத்தை வெளியே பார்த்துவிட்டு வந்து நீங்கள் உள்ளே இருக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் வெறுப்பாளர், பண்ருட்டி
கே: பாஸ்போர்ட்டே இல்லாமல் வெளிநாடு போக முடியாதா?

ப: முடியும், நேபாளம், பூடான். வாக்காளர் அடையாள அட்டை போதும். கேஸ் இணைப்பு முதல் கல்லறை வரை கேட்கும் ஆதார், காத்மாண்டுக்குப் போகும் 15 முதல் 65 வயதுக்காரருக்குச் செல்லாது. தேர்தலுக்குத் தேர்தல் தேடும் அந்த அட்டையை இப்போதே தேட ஆரம்பியுங்கள்.

அலுத்துப் போனவர், ஆத்தூர்
கே: இத்தனை தலைவலியா! வெளிநாடே வேண்டாம். பேசாமல் காரில் ஊட்டி, கொடைக்கானல் போய்விடுகிறோம். எந்தக் காகிதமும் வேண்டாமே?

ப: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டுக்கும் இ-பாஸ். எடுத்தாயிற்றா?